புதிதாக வந்த ஆண் குருவி

கரண்ட் வந்துவிட்டதா என்று தெரிந்துகொள்ள நம் பக்கத்தில் யாரும் தெருவை எட்டிப் பார்ப்பதில்லை. கைக்கு எட்டிய சுவிட்சைத் தட்டிப் பார்ப்பார்கள். ஒன்றும் நடக்காவிட்டால், சரி, இன்னும் வரவில்லை என்று போய்விடுவார்கள். தட்டிய சுவிட்சை மறுபடி அணைக்க வேண்டும் என்கிற புத்தி மட்டும் ஒருத்தருக்கும் வராது. புதன்கிழமை மத்தியானம் வேர்த்து வழிய வீட்டுக்குள் நுழைந்த தனசேகருக்கும் வரவில்லை.

அவன் தட்டியது கூடத்து மின்விசிறியின் சுவிட்ச். அந்த வீட்டில் ஒரு மாதமாக யாரும் அதைத் தொட்டதில்லை. சுவரில் முன்பக்கம் சாய்ந்த மாதிரி மாட்டியிருந்த அன்பழகனின் பெரிய படத்துக்குப் பின்னால் ஒரு ஜோடி சிட்டுக்குருவி கூடு கட்டியிருந்தது. வீட்டுக்குள் குருவி கட்டிய கூட்டைக் கலைக்கக் கூடாது, குஞ்சு பறக்கிற வரைக்கும் விசிறி போடக் கூடாது. அது அங்கே எழுதாத சட்டம். சித்திரை வெயிலில் எல்லோரும் ஒரு சின்ன மேசை விசிறிக்கு முன்னால் முண்டியடித்துக்கொண்டு கிடந்தார்கள். தனசேகருக்கும் சட்டம் தெரியும். கைக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான்.

அவன் பின்பக்கம் முகம் கழுவிக்கொண்டிருந்தபோது கரண்ட் வந்தது. வாயில் ஒரு பச்சைப் புழுவைக் கவ்விக்கொண்டு சன்னல் வழியாக உள்ளே வந்த ஆண் குருவி, சுற்ற ஆரம்பித்திருந்த விசிறியின் இறக்கையில் அடிபட்டு இலக்கியாவின் காலடியில் விழுந்தது.

எட்டு வயது இலக்கியா அழவில்லை. அழுது தொலைத்திருந்தால் தேவலை. குனிந்து குருவியைப் பார்த்தாள். நிமிர்ந்து சுவிட்சைப் பார்த்தாள். பிறகு ஈர முகத்தோடு ஓடி வந்து நின்ற தனசேகரைப் பார்த்தாள்.

"நாந்தான் சாமி. கரண்ட் இருக்குதான்னு தட்டிப் பாத்துட்டு மறந்துட்டேன்" என்றான் அவன்.

அவள் குருவியை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு வெளியே போனாள்.

வேறு வீடாக இருந்தால் ஒரு குருவி செத்ததோடு விஷயம் முடிந்திருக்கும். இங்கே முடியாது. படத்தில் இருந்த அன்பழகன் இலக்கியாவின் அப்பா. லாரி ஓட்டினவன், இரண்டு வருஷத்துக்கு முன்னால் விபத்தில் போய்விட்டான். அவன் படத்தை மாட்டிய கோடையிலேயே குருவி வந்து பின்னால் கூடு வைத்தது. அன்பழகனின் அக்கா வசந்தாமணி, வாழப்பாடியில் வாழ்க்கைப்பட்டவள், துக்கத்துக்கு வந்திருந்தபோது அதைப் பார்த்துவிட்டுப் பிள்ளையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டு, "உங்கப்பன்தான் கண்ணு குருவியா வந்து ஒன்னையப் பாத்துக்கறான்" என்று சொல்லிவிட்டாள். ஏதோ ஆறுதலுக்குச் சொன்னதுதான். ஆனால் பிள்ளை அதைப் பிடித்துக்கொண்டது. பிள்ளையின் அம்மா ஜோதிக்கு மறுத்துச் சொல்ல மனசு வரவில்லை.

இப்போது அந்தக் குருவியைத்தான் தனசேகர் விசிறியில் அடித்துப் போட்டிருந்தான்.

தனசேகர் ஆறு மாதத்துக்கு முன்னால் ஜோதியைக் கட்டிக்கொண்டு இந்த வீட்டுக்கு வந்தவன். பதினைந்து வருஷம் திருச்செங்கோட்டு ரிக் வண்டியோடு ஊர் ஊராகப் போய் ஆழ்துளைக் கிணறு போட்டவன். ரிக்கில் போகிறவனுக்கு யார் பெண் கொடுப்பார்கள்? நாற்பதைத் தொடுகிற நேரத்தில்தான் ஜோதி கிடைத்தாள். ரிக்கை விட்டுவிட்டு நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வெல்டராகச் சேர்ந்தான். ஊர் சும்மா இருக்குமா? 'அன்பழகன் கட்டுன ஊட்டுல இவன் நோவாம வந்து உக்காந்துக்கிட்டான்' என்று டீக்கடையில் அவன் காது படவே பேசினார்கள். அவன் அதையெல்லாம் சட்டை செய்யவில்லை. ஆயிரம் அடி பாறையைத் துளைத்தவன் பயந்ததெல்லாம் ஒரே ஒரு ஆளுக்குத்தான். அந்த ஆள் மூன்றாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்து லீவில் இருந்தாள்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. ஜோதியின் இரண்டாம் கல்யாணத்துக்கு வசந்தாமணி குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ஒரு நிபந்தனை வைத்தாள். "முழுப் பரீட்சை முடியட்டும். அப்பறம் பிள்ளையையே கேப்போம். அத்தைகூட வரேன்னா நான் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன். யாரும் தடுக்கக் கூடாது." ஜோதி தலையாட்டியிருந்தாள். வசந்தாமணி கேட்க வருவது இந்த ஞாயிற்றுக்கிழமை.

இலக்கியா அவனை எந்தப் பெயர் சொல்லியும் கூப்பிட்டதில்லை. இருந்தாலும் அவன் தகரம் மாட்ட ஏணியில் ஏறினால் கேட்காமலே கீழே வந்து ஏணியைப் பிடித்துக்கொள்வாள். அவன் பட்டறையிலிருந்து வரும்போது கண் சிவந்திருந்தால் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து பக்கத்தில் வைத்துவிட்டுப் போவாள். அந்தப் பிள்ளை இந்த வீட்டிலேயே இருக்க வேண்டும் என்று அவன் ஆசைப்பட்டான். ஜோதிக்காக மட்டுமில்லை. தனக்காகவும்தான்.

வியாழக்கிழமை விடிந்ததும் புது ஆண் குருவி வந்துவிட்டது. ஓர் இடம் காலியானால் இதுகளுக்கு எப்படித்தான் மூக்கு வேர்க்கிறதோ. பொந்து கிடைக்காமல் ஊரெல்லாம் அலைகிற ஆண் குருவிகள் எப்போதும் இருக்கும்போலிருக்கிறது. இது கொஞ்சம் பெரியது. தொண்டையிலிருந்து நெஞ்சு வரைக்கும் கறுப்பு அகலமாக இறங்கியிருந்தது. படத்தின் மேல்சட்டத்தில் உட்கார்ந்து நெஞ்சை உப்பிக்கொண்டு, வீட்டுப் பட்டா தன் பெயரில் இருப்பது மாதிரி விடாமல் கத்தியது.

"பாருங்களே, அதுக்குள்ள தாய்க்குருவிக்கு ஒரு தொணை கெடச்சுருச்சு" என்று ஜோதி சிரித்தாள். சிரித்த பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். தனசேகர் என்னவோ சந்தோஷப்பட்டான். உள்ளே மூன்று குஞ்சுகள். பெரிய குருவி அரிசியும் கம்பும் பொறுக்கிப் பிழைத்துக்கொள்ளும். குஞ்சுக்குப் புழுவும் பூச்சியும் தேடிக் கொடுத்தால்தான் உடம்பில் ஒட்டும். தாய் ஒண்டியாக எத்தனை நடை நடக்கும்? புதுசு கொஞ்சம் ஒத்தாசை செய்யும் என்று நினைத்தான்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் படத்துக்கு நேர் கீழே ஒரு குஞ்சு செத்துக் கிடந்தது. தவறி விழுந்ததில்லை. மண்டையில் தோல் கிழிந்து ரத்தம் கட்டியிருந்தது. கண்டெடுத்தவள் இலக்கியா. அதைக் காகிதத்தில் சுற்றிக் கறிவேப்பிலைச் செடியடியில் புதைத்துவிட்டு வந்து, தனசேகரின் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். பட்டறைக் கரியும் கீறலுமாக இருந்த அந்தக் கைகளை அவன் எங்கே வைப்பதென்று தெரியாமல் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டான்.

சனிக்கிழமை காலையில் இரண்டாவது குஞ்சு விழுந்தது. அதே காயம். அந்த நேரத்தில் கூடத்தில் இருந்தது தனசேகர் மட்டும். சட்டை மாட்டிக்கொண்டிருந்தான்.

"படத்தைக் கிடத்தைத் தொட்டீங்களா?" என்று ஜோதி கேட்டாள். சாதாரணமாகத்தான் கேட்டாள். அவனுக்கு நெஞ்சில் சுருக்கென்று தைத்தது.

"நீயுமா ஜோதி?"

"ஐயோ, அப்படிக் கேக்கலீங்க..." என்றாள். ஆனால் அவன் கண்ணைப் பார்க்கவில்லை.

கதவுக்குப் பக்கத்தில் இலக்கியா நின்றிருந்தாள். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, வாயைத் திறக்காமல், உதட்டை இறுக்கிக்கொண்டு. பிள்ளை தன்னைத்தான் சந்தேகப்படுகிறது என்று தனசேகருக்கு நிச்சயமாகிவிட்டது. முதலில் அப்பனைக் கொன்றான், இப்போது குஞ்சுகளை ஒவ்வொன்றாகக் கொல்கிறான். நாளைக்கு அத்தை வந்து கேட்டால் வேறென்ன பதில் வரும்?

அன்றைக்கு அவன் பட்டறைக்கு லீவு சொன்னான். தாயும் மகளும் ரேஷன் கடைக்குப் போயிருந்தபோது போனை டி.வி. மேல் சாத்தி, படத்தைப் பார்த்த மாதிரி வைத்து, வீடியோவை ஓடவிட்டுவிட்டு வெளியே வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தான். தாய்க்குருவி வந்ததும் போனதும் தெரிந்தது. கொஞ்ச நேரம் கழித்து உள்ளே போய்ப் போட்டுப் பார்த்தான்.

தாய் வெளியே போன கையோடு புது ஆண் குருவி உள்ளே வந்திருந்தது. அதன் வாயில் புழுவும் இல்லை, பூச்சியும் இல்லை. படத்துக்குப் பின்னால் தலையை நுழைத்தது. வால் மட்டும் வெளியே தெரிய, உடம்பு முன்னும் பின்னும் வெட்டி வெட்டி ஆடியது. உள்ளேயிருந்து குஞ்சின் கீச்சொலி. நல்லவேளையாகத் தாய் திரும்பி வந்து மேலே பாய்ந்தது. இரண்டும் கட்டிப் புரண்டு சன்னலுக்கு வெளியே போயின.

தனசேகர் இப்படியும் ஒரு பறவை செய்யுமா என்று போனிலேயே தேடினான். பறவைகளைப் பற்றிப் பேசுகிற ஒருவர் ஒரு வீடியோவில் நிதானமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆண் செத்துப்போனால் புது ஆண் வரும். பழைய ஆணின் குஞ்சுகளுக்கு அது இரை கொடுக்காது. சில சமயம் கொத்திக் கொன்று வெளியே தள்ளிவிடும். குஞ்சு இல்லாவிட்டால் பெண் சீக்கிரமே மறுபடி முட்டையிடும். அந்த முட்டை புது ஆணுடையதாக இருக்கும்.

அவன் போனை அணைத்துவிட்டான். முதலில், அப்பாடா, நாம் இல்லை என்று நிரூபிக்கச் சாட்சி கிடைத்துவிட்டது என்றுதான் மனசு துள்ளியது. மறுநிமிஷமே துள்ளல் அடங்கிவிட்டது.

இரவுச் சோற்றுக்கு முன்னால் ஜோதியைத் தனியாகக் கூப்பிட்டுக் காட்டினான். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"நாளைக்கு அண்ணி வந்ததீம் இதையக் காட்டீருங்க. உங்க மேல தப்பில்லைன்னு தெரியட்டும்."

"என்னன்னு சொல்லிக் காட்டறது?" என்றான். "அப்பன் செத்தான், புதுசா ஒருத்தன் வந்தான், வந்தவன் பழைய குஞ்சையெல்லாம் கொன்னுபோட்டான்னா? அந்தப் பிள்ளை அதையப் பாத்துட்டு என்ர மூஞ்சியப் பாக்கறதா?"

ஜோதி போனை அவன் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"மிச்சம் ஒண்ணு இருக்குது. அதையாச்சும் காப்பாத்தறேன்" என்றான்.

கூட்டை வேறு இடத்துக்கு மாற்றினால் தாய் தேடி வருமோ வராதோ. சன்னலைச் சாத்தினால் தாய்க்கும் வழி கிடையாது. ஆளே காவல் இருந்தால்தான் உண்டு. ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் வந்ததிலிருந்து தனசேகர் ஒட்டடைக் கம்பும் கையுமாகக் கூடத்தில் உட்கார்ந்திருந்தான். பழுப்பு உடம்பும் வெறும் தொண்டையுமாக வந்தால் தாய், விட வேண்டும். கறுப்புத் தொண்டை வந்தால் விரட்ட வேண்டும். மனுஷர்களில் நல்லது கெட்டதைப் பிரிக்க இவ்வளவு வசதி இல்லை.

அந்தக் கறுப்புத் தொண்டை சாமானியப்பட்டதில்லை. வெளியே கேபிள் ஒயரில் உட்கார்ந்துகொண்டு தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து அவனையே நோட்டம் விட்டது. தாய் உள்ளே இருக்கிறவரை அசையாது. தாய் இரை தேடப் போனதும் சன்னல் கம்பிக்கு வந்துவிடும். அவன் கம்பை ஓங்கினால் ஒயருக்குப் போகும். மறுபடி வரும். இவனுக்குக் கழுத்து வலித்தது. அதற்கு ஒன்றும் வலிக்கவில்லை.

பத்து மணி வாக்கில் ஜோதி இலக்கியாவைக் கூட்டிக்கொண்டு வசந்தாமணியை அழைத்துவர பஸ் நிறுத்தத்துக்குக் கிளம்பினாள். "குக்கர்ல கறி இருக்குது. மூணு விசில் வந்ததீம் அணைச்சுருங்க" என்று வாசலில் நின்று சொல்லிவிட்டுப் போனாள். இலக்கியா போகிறபோது திரும்பித் திரும்பிப் படத்தையும் அவனையும் பார்த்தாள்.

ஒன்று. இரண்டு. மூன்றாவது விசில் வந்தது. தாய்க்குருவி அப்போதுதான் உள்ளே வந்திருந்தது. இதுதான் சமயம் என்று அடுப்படிக்கு ஓடினான். அடுப்பை அணைக்க எவ்வளவு நேரம் ஆகும்? அதற்குள் தாய் வெளியே போய்விட்டது. கீச்சென்று ஒரு சத்தம். குஞ்சு சாப்பாட்டுக்குக் கத்துகிற சத்தம் இல்லை.

பாய்ந்து வந்தான். படத்துக்குப் பின்னால் கறுப்பும் பழுப்புமாக வால் துடித்துக்கொண்டிருந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறிச் சட்டத்தில் ஓங்கித் தட்டினான். ஆண் குருவி அவன் காதை உரசிக்கொண்டு பறந்தது. உள்ளே சத்தமே இல்லை. கையை விட்டான். வைக்கோல், தறி நூல், கோழிப்பண்ணையிலிருந்து பொறுக்கி வந்த வெள்ளை இறகு. நடுவில் சூடாக ஒன்று தட்டுப்பட்டது. மெதுவாக எடுத்தான். தலையில் ரத்தம். ஆனால் அவன் உள்ளங்கையில் அதன் நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. உயிர் இருக்கிறது!

அந்த அவசரத்தில் படம் கோணிக்கொண்டு போனதையும் மாலை அறுந்து கீழே விழுந்ததையும் அவன் கவனிக்கவில்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்டதையும் கவனிக்கவில்லை.

"அடப்பாவி!"

வசந்தாமணி நிலைப்படியிலேயே நின்றுவிட்டாள். கையில் பிள்ளைக்கு வாங்கிய மாம்பழப் பை. அவளுக்குப் பின்னால் ஜோதியும் இலக்கியாவும். அவர்கள் பார்த்தது என்ன? ஸ்டூல் மேல் தனசேகர். கோணிய அன்பழகன். அறுந்த மாலை. அவன் கையில் ரத்தக் குஞ்சு. கையும் களவுமாக என்பார்களே, அதற்கு இதைவிட என்ன வேண்டும்?

"பஸ்ஸ வுட்டு எறங்குனதும் கேட்டேன், குருவி எப்படி இருக்குது கண்ணுன்னு. அப்பாக்குருவி செத்துப்போச்சு, ரெண்டு குஞ்சும் போச்சுன்னு சொல்லுது. எப்படிச் செத்துச்சுன்னா வாயத் தொறக்க மாட்டேங்குது. பயங்காட்டி வெச்சிருக்கியா பிள்ளைய? என் தம்பி படத்துக்குப் பின்னால கைய வுட்டுக் கழுத்தத் திருகறியே, நீயெல்லாம் மனுசனா?"

"அண்ணி, அவரு இல்லீங்க" என்று ஜோதி முன்னால் வந்தாள். "ஏனுங்க, அந்தப் போனைக் காட்டுங்க. காட்டுங்கன்னா!"

போன் சட்டைப் பையில்தான் இருந்தது. ஒரு விரலால் தொட்டால் போதும், அவன் நிரபராதி. தனசேகர் இலக்கியாவைப் பார்த்தான். அவள் கதவோரம் நின்று அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். இந்தப் பிள்ளை போய்விடும் என்று நினைத்தபோது அவனுடைய மற்றொரு கை சட்டைப் பை வரைக்கும் போனது. ஆனால் புதிதாக வந்தவன் என்ன செய்வான் என்பதை அந்தக் கண்ணால் பார்த்துவிட்டு, பிறகு இதே வீட்டில் அவனோடு தூங்கி எழுந்திருப்பதா? போனாலும் பயமில்லாமல் போகட்டும்.

"என்ன போனு? அதுல ஒண்ணுமில்லை" என்றான். "என்ர கைதானுங்க பட்டுருச்சு. ஒட்டடை அடிச்சப்ப தெரியாம பட்டுருச்சு. மத்ததும் அப்படித்தான். என்னைய மன்னிச்சுருங்க."

ஜோதி தலையில் கை வைத்துக்கொண்டு கீழே உட்கார்ந்துவிட்டாள்.

வசந்தாமணி பிள்ளையின் தோளைத் தொட்டாள். கோபம் போய்க் குரல் உடைந்திருந்தது. "கேட்டியா சாமி? அவன் வாயாலயே சொல்லிட்டான். அத்தைகூட வந்துரு. உன் துணிமணியெல்லாம் எடுத்துக்க."

இலக்கியா அந்தக் கையை விலக்கிவிட்டு நேராக வந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியை ஸ்டூலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு ஏறி நின்றாள். அவன் கையை இரண்டு கையாலும் பிடித்துத் தாழ்த்தி, குஞ்சை உற்றுப் பார்த்தாள். அது வாயைப் பிளந்தது.

"உசுரு இருக்குது. உள்ள வெச்சுருங்க, அம்மாக்குருவி வந்துரும்" என்றாள். அவன் வைத்தான். அவள் படத்தை நேராக்கினாள்.

"இலக்கியா, அத்தை கேட்டது காதுல வுழலியா?"

"நான் வரலீங்க அத்தை."

"குஞ்சைக் கொன்னவன்கூடவா இருக்கப்போற?"

"இவரு கொல்லலீங்க."

"அப்ப யாரு கொன்னது?"

இலக்கியா சன்னலைப் பார்த்தாள். கேபிள் ஒயரில் கறுப்புத் தொண்டை உட்கார்ந்திருந்தது. அவள் உதடு முன்பு மாதிரியே இறுகியது. "தெரியலீங்க" என்றாள். எட்டு வயசுப் பொய் எப்படி இருக்கும் என்று பக்கத்தில் நின்ற தனசேகருக்குத் தெரிந்தது. குனிந்து அவள் காதருகில் கேட்டான்.

"சாமி, நீ பாத்தியா?"

அவள் அத்தையை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு அவன் கழுத்தைக் கையால் வளைத்துத் தன் பக்கம் இழுத்து, யாருக்கும் கேட்காதபடி சொன்னாள்:

"வெள்ளிக்கெழமையே பாத்துட்டேனுங்க. அந்தப் புதுக் குருவிதான் கொத்துது. அத்தைகிட்டச் சொல்லீராதீங்க. சொன்னா உங்களையும் அது மாதிரின்னு சொல்லிப்போடுவாங்க."